பனி படியாத பெஞ்சு

ஆற்றோரத்தில் வரிசையாகக் கிடந்த பெஞ்சுகள் எல்லாவற்றின்மேலும் பனி முழங்கை ஆழத்துக்குக் குவிந்திருந்தது. ஒன்றில் மட்டும், நட்டநடுவில், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குப் பனியே இல்லை. இரண்டு பக்கமும் ஏறி, முதுகுப் பலகையையும் மூடி, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெய்திருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போயிருக்க வேண்டும் என்று செவரின் நினைத்தார். ஆனால் பெஞ்சைவிட்டு விலகிப் போகிற காலடி ஒன்றைக்கூடக் காணோம். அதை அவர் கவனிக்காமல் இல்லை. காலையிலிருந்து ரயிலில் உட்கார்ந்தும் மத்தியானத்திலிருந்து நடந்தும் முட்டி இரண்டும் விட்டுப்போயிருந்தன; கிடைத்த இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

கிராக்கோவுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. கிழக்கு எல்லையில் காட்டை ஒட்டின ஊரில் மாடு வைத்துப் பிழைக்கிற மனுஷர், இத்தனை தூரம் தனியாகப் பயணம் செய்ததும் இதுதான் முதல் தடவை. அவருடைய ஒரே மகள் கிங்கா ஊரில் கல்யாணம் முடித்து, புருஷன் விடோல்டோடு இந்த நகரத்தில்தான் குடியிருந்தாள். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டாள். அவர் வரவில்லை. வராததற்குக் காரணம் கேட்டால் மாட்டை யார் பார்ப்பது என்பார். மாடு பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கல்யாணமான புதிதில் கிங்கா போனில் விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் செவரினின் ஊரில் யாரும் இருக்கையை வாயால் ஊதாமல் உட்கார மாட்டார்கள். அன்றைக்குச் செத்தவர்கள் வீடு தேடி வருகிறார்கள். முன்பே வந்து உட்கார்ந்திருப்பவர்மேல் போய் உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா. "அப்பா, இங்க வந்து ஒவ்வொரு நாற்காலியா ஊதிட்டு நிக்காதீங்க. விடோல்ட் வீட்டு ஆளுங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். செவரினுக்குக் கோபம் வருவதற்கு அதிகம் வேண்டாம். போவதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகும்.

அவளும் விடவில்லை. அன்றைக்கு எல்லா வீட்டு மேசையிலும் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள், சொல்லாமல் வருகிறவருக்கு என்று. ஒவ்வொரு வருடமும் மேசை போட்டதும் அவள் ஊருக்குப் போன் செய்வாள். "காலித் தட்டு உங்களுக்குத்தான்பா. வேற யாரு வந்து நின்னாலும் இடமில்லைன்னு சொல்லிடுவேன்." அவர் சரி சரி என்று வைத்துவிடுவார்.

போன பிப்ரவரியில் சமையலறையில் தலை வலிக்கிறது என்று சொன்னவள், மறுநாள் விடிவதற்குள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடிந்துபோனாள். மண்டைக்குள் ஏதோ ஒரு மெல்லிய குழாய் வெடித்துவிட்டதாம். அப்போதும் அவர் கிராக்கோவுக்கு வரவில்லை. அவள்தான் பெட்டியில் ஊருக்கு வந்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று செவரின் தன் வீட்டு மேசையில் அவளுக்குத் தட்டு வைத்து, எதிரே உட்கார்ந்து, மெழுகுவர்த்தி கரைந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் ஏன் இங்கே வருவாள்? அவள் குழந்தை இருக்கிற வீட்டுக்கல்லவா போவாள். விடோல்டுக்குப் போனில் சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பாதிரியார் மந்திரித்துக் கொடுத்த வெள்ளை அப்பத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளோடு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு மேசையில் உட்கார்ந்து அந்த அப்பத்தைப் பிட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் வந்தார்.

நகரம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அதுதான் தாங்க முடியவில்லை. பிடிக்காமல் போயிருந்தால், நல்லவேளை வரவில்லை என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததுமே நிலக்கரிப் புகையும் வறுத்த பாதாமும் மூக்கில் ஏறின. ஜனங்கள் கெண்டை மீனைப் பையில் சுமந்துகொண்டு ஓடினார்கள், சில பைகள் இன்னும் துடித்தன. கிங்கா போனில் சொல்லியிருந்த மரங்கள், சொல்லியிருந்த கல்சுவர், சொல்லியிருந்த மஞ்சள் வீடு எல்லாம் அவள் சொன்ன இடத்திலேயே நின்றன. வளையல் ரொட்டி விற்கிற பெண்ணொருத்தி வண்டியை மூடிக்கொண்டிருந்தாள். ஆற்றுக்கு அந்தப்பக்கம், கிங்காவின் வீடு இருக்கிற போட்குஷேக்கு டிராம் எங்கே என்று அவளைத்தான் கேட்டார்.

"டிராமா? இன்னிக்கா? டிராம்காரனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்குல்ல பெரியவரே. நேரா நடங்க, ஆறு வரும்." மிஞ்சிப்போன ரொட்டி ஒன்றை அவர் கையில் திணித்தாள். "மக வீடா?"

ஆமாம் என்றார் செவரின்.

"அப்ப இதை முழுசும் தின்னுடாதீங்க. பன்னெண்டு வகை சமைச்சு வச்சிட்டுக் காத்திருப்பா."

பெரிய சதுக்கத்தில் அவர் நின்றபோது, மாதா கோயில் கோபுரத்தின் உச்சியிலிருந்து எக்காளம் ஊதினார்கள். ஏறி, இறங்கி, மறுபடி ஏறும்போது சட்டென்று பாதியில் நின்றது. அவர் அண்ணாந்தபடி நின்றார். மற்ற யாரும் நிற்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டும் குழந்தையை இழுத்துக்கொண்டும் போய்க்கொண்டே இருந்தார்கள். இதையும் அவள் சொல்லியிருக்கிறாள். "அது அப்படித்தான்பா, பாதியில நின்னுடும். முதல் நாள் எல்லாரும் மீதிக்காக நிப்பாங்க. அப்புறம் பழகிடும்." அவர் மீதிக்காகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடந்தார்.

வெளிச்சம் வடிய வடிய ஆட்களும் வடிந்தார்கள். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் எல்லா வீட்டிலும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அதற்குள் வீடு சேர வேண்டும். கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஆற்றங்கரைக்கு அவர் வந்தபோது ஜன்னல்களில்தான் மனிதர்கள் இருந்தார்கள். அப்போதுதான் அந்தப் பெஞ்சைப் பார்த்தார்.

குனிந்தார். பலகையை ஊத வாயைக் குவித்தார்.

நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன வயசு ஜோடி எதிரே வந்தது. அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அவ்வளவுதான், சிரித்தாளா என்றுகூடத் தெரியாது. செவரினுக்குக் காது சூடேறியது. இது கிங்கா தலைநிமிர்ந்து வாழ்ந்த ஊர். இன்றைக்காவது அவளுக்கு வெட்கக்கேடாக நடந்துகொள்ளக் கூடாது என்று இருமுவதுபோல் பாவனை செய்துவிட்டு, ஊதாமல் உட்கார்ந்தார்.

மரத்தின்மேல் உட்கார்ந்த மாதிரி இல்லை.

முதலில் கொஞ்சம் அமுங்கியது. பிறகு அடியிலிருந்து நீளமாக, நனைந்த மெத்தையை அழுத்தினால் வருகிற மாதிரி, ஒரு மூச்சு வெளியே வந்தது. கோட்டைத் தாண்டி, கால்சட்டையைத் தாண்டி, ஈரம் சதைக்கு ஏறியது. ஜோடியின் நாய் மட்டும் திரும்பி நின்று, அவரைப் பார்க்காமல் அவருக்கு முதுகுப்பக்கம் பார்த்து, வாலை இடுக்கிக்கொண்டது. அவர் துள்ளி எழுந்தார். பலகை கறுத்து நனைந்திருந்தது. ஆறே ஓரம் உறைந்து கிடக்கிற குளிரில், பெஞ்சின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சேறும் அழுகின நாணலும் கலந்த வாடை.

"மன்னிச்சுக்கங்க" என்றார். யாரிடம் என்று தெரியாமல் தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டார்.

தலையைத் தூக்கியபோது குன்றின்மேல் தெரிந்த பழைய ராஜாக் கோட்டைக்கு மேலே முதல் நட்சத்திரம் முளைத்திருந்தது. நேரமாகிவிட்டது என்று பாலத்தின்மேல் ஏறினார். நடைபாலம் அது, காதலர்கள் கம்பித் தடுப்பில் பூட்டு மாட்டிச் சாவியை ஆற்றில் போடுகிற பாலம். ஆயிரக்கணக்கில் தொங்குகிற அந்தப் பூட்டுகள் காற்றில்லாததால் அசையாமல் இருந்தன. அவர் பாதிப் பாலம் போயிருப்பார். பின்னால் ஒரு பூட்டு கிணுக்கென்றது. அடுத்தது கிணுக்கென்றது. அதற்கடுத்தது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு யாரோ வருகிறார்கள், கை ஒவ்வொரு பூட்டாகத் தடவிக்கொண்டே வருகிறது. கூடவே காலடி. ஒன்று பனியில் பதிகிறது, மற்றது இழுபடுகிறது.

செவரின் நின்றார். அதுவும் நின்றது.

அவருக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பியது. முதல் நட்சத்திரம் வந்துவிட்டது. அவள் வீட்டுக்குப் போகிற வழி இது. அப்பாவைப் பார்த்ததும் கூட வருகிறாள், வேறு யார் வரப்போகிறார்கள்? கிங்காவின் நடை இப்படி இராது. அவள் பாதம் தரையில் பட்டும் படாமலும் குதித்துப் போகிறவள். அவள்மேல் எப்போதும் ஆரஞ்சுத் தோல் வாசனை வரும், சேற்று வாடை வராது. இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? தெரியும். செத்தவர்கள் எப்படி நடப்பார்கள், என்ன வாடை அடிப்பார்கள் என்று யார் கண்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பத்து மாதமாக அழுகிற மனுஷரிடம் நியாயம் பேச முடியாது.

திரும்பிப் பார்த்தால் போய்விடுவார்கள் என்பார்கள். அதனால் திரும்பவில்லை. ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

"வா கண்ணு. வீட்டுக்குப் போலாம். உனக்குத் தட்டு இருக்கு."

பூட்டுகள் மறுபடியும் கிணுகிணுத்தன, இந்தத் தடவை வேகமாக.

விடோல்டின் வீடு அந்தக் கரையிலேயே, ஆற்றைப் பார்த்த பழைய கட்டடத்தில் முதல் மாடியில் இருந்தது. வாசலுக்கு எதிரே விளக்குக் கம்பத்தின் கீழே ஒரு பெஞ்சு. அதை அவர் வேண்டுமென்றே நின்று பார்த்தார். நுனிமுதல் நுனிவரை பனி. ஒரு குருவி உட்கார்ந்த தடம்கூட இல்லை. அதில் அவருக்கு ஒரு நிம்மதி. மாடிப்படியில் ஏறும்போது பின்னால் கல்படிகளில் சளக் சளக்கென்று கேட்டது. கதவு திறந்தது. அவர் உள்ளே போய், கதவைச் சாத்தாமல், பின்னால் வருகிறவருக்கு வழிவிடுகிற மாதிரி ஒதுங்கி நின்றார். குளிர்ந்த ஈரக்காற்று அவர் தோளை இடித்துக்கொண்டு உள்ளே போயிற்று.

"வேற யாராவது வராங்களா மாமா?" என்று விடோல்ட் எட்டிப் பார்த்தான்.

"வந்தாச்சு" என்றார் செவரின்.

மருமகன் மெலிந்துபோயிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவனை அவர் பார்த்தது புதைகுழிக்குப் பக்கத்தில்தான். கட்டிக்கொண்டபோது எலும்பு குத்தியது. அவன் காலுக்குப் பின்னால் நாலு வயசுப் பேத்தி யகோதா ஒளிந்துகொண்டு பார்த்தாள். கிங்காவின் புருவம், கிங்காவின் முகவாய். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேசை போட்டாகிவிட்டது. வெள்ளைத் துணி, துணிக்கு அடியில் ஒரு பிடி வைக்கோல், மூன்று பேருக்குத் தட்டு, நாலாவதாக ஜன்னலோரம் காலித் தட்டு. பீட்ரூட் ரசம், காளான் கொழுக்கட்டை, பொரித்த கெண்டை, கசகசா நூடுல்ஸ் என்று எல்லாவற்றையும் விடோல்ட் முன்கூட்டியே மேசையில் பரப்பியிருந்தான். காலித் தட்டோடு இருந்த கிண்ணத்திலும் ரசம் ஊற்றியிருந்தான்.

"நடுவுல யாரும் எழுந்திரிக்கக் கூடாதாமே. கிங்கா உயிரை வாங்குவா" என்றான். "அதான் எல்லாத்தையும் இங்கயே வச்சிட்டேன். கரண்டி விழுந்தாகூட குனிய விடமாட்டா மாமா."

அதற்குக் காரணம் உண்டு. செவரின் சின்னப் பையனாக இருந்தபோது, இதே சாயங்காலம், கன்றுக்குட்டி கத்துகிறதென்று அவருடைய அம்மா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். வசந்தம் வருவதற்குள் தொட்டிலில் கிடந்த தங்கச்சி போய்விட்டாள். அதற்கு முன் அம்மாவைப் பெற்றவள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடிக்குமுன் ஒருவர் எழுந்தால், எழுந்தவருக்கு ஒன்றும் ஆவதில்லை. மேசையில் இருப்பதிலேயே சின்ன உயிர் எதுவோ, அதுதான் போகும். கிங்காவை அவர் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார். அதை அவள் கேலி செய்ததில்லை.

தன் நாற்காலியை அவர் ஊதிவிட்டு உட்கார்ந்தார். யகோதா களுக்கென்று சிரித்து, தன் நாற்காலியையும் எச்சில் தெறிக்க ஊதினாள். விடோல்டும் ஊதினான். யாரும் கேலி செய்யவில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா வராமல் இருந்தேன் என்று நினைத்தபோது செவரினுக்கு நெஞ்சு வலித்தது.

ஜன்னலோர நாற்காலி கிரீச்சென்றது. கனமாக.

விடோல்ட் பழைய மரம் என்றான். செவரின் அப்பத்தை எடுத்தார். காகிதம்போல் மெலிசான வெள்ளைத் தகடு அது. விடோல்டோடு பிட்டுக்கொண்டார், குழந்தையோடு பிட்டுக்கொண்டார், மிச்சமிருந்த பெரிய துண்டைக் காலித் தட்டில் வைத்தார். உன் அப்பன் வந்துட்டேன் கண்ணு, என்று வாய்க்குள் சொன்னார்.

துண்டு நனைந்தது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்து, பரவி, வெள்ளை முழுவதும் சேற்று நிறமாகிக் குழைந்தது. பிறகு தட்டில் இல்லை. வெறும் ஈரம்தான் இருந்தது.

யாருக்கும் பசி இல்லாத மாதிரி மெதுவாகச் சாப்பிட்டார்கள். கிங்கா எந்தக் கடையில் கசகசா வாங்குவாள், கெண்டை மீனைக் குளியல் தொட்டியில் விட்டுவிட்டு அதற்குப் பெயர் வைத்துக் கொல்ல மாட்டேன் என்று எப்படி அழுவாள் என்று விடோல்ட் சொல்லிக்கொண்டிருந்தான். செவரின் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே, ஜன்னலோரக் கிண்ணத்தில் கரண்டி உரசுகிற சத்தத்தையும் கேட்டார். நிதானமாக. விடாமல். விடோல்டுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

யகோதா கொழுக்கட்டையைக் கீழே வைத்தாள். காலி நாற்காலியையே பார்த்தாள்.

"தாத்தா, அந்த ஆளு ஏன் ஈரமா இருக்காரு?"

விடோல்ட் சோர்வாகச் சிரித்தான். குழந்தை இப்போதெல்லாம் இப்படித்தான், இல்லாத ஆட்களோடு பேசுகிறாள் என்றான்.

செவரின் அந்த நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. எதிரே ஜன்னல் கண்ணாடி இருட்டாக இருந்தது. அதில் மேசையும் விளக்கும் தெரிந்தன. விடோல்டின் முதுகு தெரிந்தது. குழந்தையின் தலை தெரிந்தது. அவர் முகம் தெரிந்தது. நாலாவதாக ஓர் அகன்ற தோள். தண்ணீரில் ஊறிப் பருத்த கழுத்து. கரண்டியை முஷ்டியில் பிடித்திருந்த கை. அவர் பெற்றவளின் கை இல்லை அது.

எத்தனை வருடமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததோ. யார் வந்து தன்மேல் உட்காருவார்கள், யார் கூப்பிடுவார்கள் என்று.

அப்போதுதான் வாசனை வந்தது. வாசல் பக்கமிருந்து, கதவின் கீழ் இடுக்கு வழியாக. சூடான அடுப்பில் போட்ட ஆரஞ்சுத் தோல்.

பிறகு நகத்தால் தட்டுகிற சத்தம். இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து ஒன்று. சின்ன வயதில் இடி இடித்தால் அவர் அறைக் கதவில் அப்படித்தான் தட்டுவாள்.

"அம்மா" என்றாள் யகோதா.

விடோல்டின் கையிலிருந்த முள்கரண்டி நின்றது. "என்னடா தங்கம்?"

"அம்மா வெளிய நிக்கிறா."

குழந்தை நாற்காலியிலிருந்து சறுக்கி இறங்கப் போனாள். ஒரு கால் கீழே நீண்டுவிட்டது. செவரினின் கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"உக்காரு."

"கதவைத் தொறக்கணும் தாத்தா."

"உக்காரு கண்ணு. தாத்தா சொல்றேன்ல. சாப்பாடு முடியல."

"விடுங்க மாமா, அழுவுறா பாருங்க" என்று விடோல்ட் எழுந்திருக்கப் பார்த்தான்.

"நீயும் எழுந்திரிக்காதே." அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. விடோல்ட் அவர் முகத்தைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு தட்டு. ஒன்று.

எல்லாரும் முடித்தால் எழுந்திருக்கலாம். அவர் தன் தட்டை வழித்து விழுங்கினார். குழந்தையின் தட்டில் இருந்ததை ஊட்டினார். அவள் அழுதுகொண்டே விழுங்கினாள். விடோல்டை முடி என்றார், அவனும் முடித்தான். ஒரு கிண்ணம்தான் பாக்கி. செவரின் கண்ணாடியில் பார்த்தார். கரண்டி வாய்க்குப் போயிற்று, வந்தது. போயிற்று, வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த வாயிலிருந்து தண்ணீர் திரும்பக் கிண்ணத்தில் வழிந்தது. ரசம் குறையவில்லை. ஏறிக்கொண்டிருந்தது. சிவப்பு வெளுத்து, ஆற்றின் நிறத்துக்கு வந்து, விளிம்பைத் தொட்டு நின்றது.

"சீக்கிரம் சாப்பிடுய்யா" என்று கெஞ்சினார். "உன் கால்ல விழறேன்."

கரண்டி நிதானமாகப் போயிற்று. வந்தது.

கதவுக்கு அப்பாலிருந்து அவள் குரல் கேட்டது. சத்தம் போடவில்லை. போனில் பேசுகிற மாதிரி.

"அப்பா. வந்துட்டீங்களாப்பா?"

அவர் கதவைப் பார்த்தார். பிடிக்குள் குழந்தையின் மணிக்கட்டு எலிக்குஞ்சு மாதிரி துடித்தது. எழுந்து நாலடி வைத்தால் கதவு. நாலடி. அதற்காகத்தான் மாட்டை விட்டுவிட்டு, ரயில் ஏறி, இவ்வளவு தூரம் வந்தார். விடோல்ட் அவரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவன் கன்னத்தில் மட்டும் கண்ணீர் இறங்கியது.

"இடம் இல்லையாப்பா?"

அவர் பிடியை இறுக்கினார்.

கொஞ்ச நேரம் ஆரஞ்சு வாசனை அங்கேயே நின்றது. பிறகு மெலிந்தது. படிகளில் பட்டும் படாமலும் பாதம் இறங்கிற்று. தெருக்கதவு திறந்து மூடிற்று. ஆற்றுக்கு அந்தப்பக்கத்திலிருந்து எக்காளச் சத்தம் லேசாக மிதந்து வந்து, பாதியில் அறுந்தது. செவரின் மீதிக்காகக் காத்திருந்தார்.

யகோதா அழுகையை நிறுத்திவிட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். கண்ணாடியில் அந்தப் பருத்த கை கரண்டியை மறுபடி தூக்கியது. அதற்கு அப்பால், தெருவிளக்கின் கீழே, பனி அடர்த்தியாக விழ ஆரம்பித்திருந்தது. சாலையை மூடியது, கைப்பிடிச் சுவரை மூடியது, எதிரே கிடந்த பெஞ்சையும் மூடியது. பெஞ்சின் நடுவில், கொஞ்சமாக, ஒல்லியான பெண்ணொருத்தி உட்காரும் அகலத்துக்கு மட்டும் பனி படியவே இல்லை.